சிட்டிகையா, கரண்டியா? – அஞ்சறைப் பெட்டி கேள்வி பதில்

என் கணவருக்குச் சர்க்கரை நோய். பட்டையைப் பொடித்து, தினமும் காலையில் ஒரு தேக்கரண்டி வெந்நீரில் கலந்து குடிக்கிறார். இனி மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்கிறார்.
– குன்னூர் வாசகி

மாத்திரையில் கை வைக்க வேண்டாம். குறைக்க வேண்டியது அந்தத் தேக்கரண்டியைத்தான். முதலில் எந்தப் பட்டை என்று பாருங்கள். தடித்து, கெட்டியாக, ஒற்றை அடுக்காகச் சுருண்டிருந்தால் அது காசியா வகை. நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைப்பதும் பிரியாணியில் விழுவதும் பெரும்பாலும் இதுதான். மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டு, விரலால் அழுத்தினாலே நொறுங்குவது இலங்கைப் பட்டை.

காசியாவில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது. அளவு மீறினால் அது சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கு வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம் என்றாகிறது. காசியாப் பொடி ஏறக்குறைய 2 கிராம் உள்ளே போனாலே அந்த வரம்பு வந்துவிடும். உங்கள் வீட்டுத் தேக்கரண்டி அதைத் தாண்டும். இலங்கைப் பட்டையில் கூமரின் மிகமிகக் குறைவு. ஆனால் எந்தப் பட்டையானாலும், சர்க்கரையைக் குறைக்கிறதா என்று பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பல மாதங்களாகக் குடிக்கிறார் என்றால், அடுத்த ரத்தப் பரிசோதனையின்போது கல்லீரலையும் பார்க்கச் சொல்லுங்கள். குருமாவில் போடும் துண்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை.

எங்கள் காப்பித் தோட்டத்து மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். மஞ்சள் பாலில் மிளகு சேர்த்தால்தான் மஞ்சள் உடம்பில் ஒட்டும் என்கிறார்களே, உண்மையா?
– கூடலூர் வாசகர்

பாதி உண்மை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்படும் கொஞ்சத்தையும் கல்லீரல் விரைவாக வெளியேற்றிவிடுகிறது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் அந்த வேலையைத் தாமதப்படுத்துகிறது. பெங்களூரின் புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, உடம்புக்குக் கிடைத்த குர்குமின் ஏறத்தாழ 20 மடங்கு கூடியது.

20 மில்லிகிராம் பைப்பரின் பெரிய விஷயமில்லை. உங்கள் தோட்டத்து மிளகில் ஒரு சிட்டிகை போதும். சிக்கல் மறுபக்கத்தில் இருக்கிறது. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு 3 பங்கு அளவில்தான் இருக்கும். 2 கிராம் குர்குமின் வேண்டுமானால் 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் கரைக்க வேண்டும். அந்தப் பாலை யார் குடிப்பது? ஆகவே ஆய்வில் கண்ட பலனை ஒரு டம்ளர் பாலில் எதிர்பார்க்காதீர்கள். ஆடி மாதத்துச் சாரலில் தொண்டைக்கு இதமாக இருக்கிறதா, குடியுங்கள். அது போதாதா!

மிளகுச் சத்து சேர்த்து விற்கும் மஞ்சள் மாத்திரைகளின் பக்கம் மட்டும் போக வேண்டாம். அவற்றால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் பித்தப்பையில் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது.

நான்கு மாதக் குழந்தை இரவில் தூங்குவதில்லை. ஜாதிக்காயும் வசம்பும் உரைத்து, தேன் தொட்டு நாக்கில் வைக்கச் சொல்கிறார் மாமியார்.
– கேத்தி வாசகி

மூன்றும் வேண்டாம். ஜாதிக்காயில் உள்ள மிரிஸ்டிசின் மூளையைப் பாதிக்கும் பொருள். பெரியவர்களுக்கே 5 கிராம் அளவில் படபடப்பும் மனக்குழப்பமும் வந்திருக்கின்றன. உரைகல்லில் எவ்வளவு இறங்கியது என்பதை யாராலும் அளக்க முடியாது. வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968இலேயே தடை செய்துவிட்டது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். அடுத்த தடுப்பூசி நாளில் அவரையும் அழைத்துப்போய், செவிலியர் வாயால் சொல்லவையுங்கள்.

மூன்று மாதக் கர்ப்பம். பரிசோதனைக்காக மேட்டுப்பாளையம் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருகிறது. இஞ்சி மெல்லலாமா?
– கோத்தகிரி வாசகி

மெல்லலாம். கர்ப்பகாலக் குமட்டலுக்கு இஞ்சி ஓரளவு உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆய்வுகளில் கொடுத்தது நாளொன்றுக்கு 1 கிராம் சுக்குப் பொடி வரை, அதையும் பிரித்துப் பிரித்து. பஸ் குமட்டலுக்கு அதே அளவு சான்று இல்லை. வெறும் வயிற்றோடு ஏறாமல், முன் இருக்கையில் அமர்ந்து, செல்பேசியை மூடிவிட்டுத் தொலைவில் உள்ள மலையைப் பாருங்கள். குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் இஞ்சியை நம்பிக் காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள்.

பல்வலிக்குக் கிராம்புத் தைலம் நல்லதா? பிள்ளைகளுக்கும் தடவலாமா?
– அருவங்காடு வாசகர்

கிராம்பில் உள்ள யூஜெனால் என்ற பொருள் வலிக்கும் இடத்தை மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவர்களே துத்தநாக ஆக்சைடுடன் கலந்து தற்காலிக அடைப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். பெரியவர்கள் ஒரு முழுக் கிராம்பை வலிக்கும் பல்லருகே அடக்கிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குத் தைலம் வேண்டாம், விழுங்கினால் ஆபத்து. ஊட்டியில் வீட்டுக்கு வீடு இருக்கும் யூகலிப்டஸ் தைலத்துக்கும் இதே விதி. ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பனிமூட்டத்தில் மிளகாய்த் தூள் கட்டி கட்டியாகிவிடுகிறது. லேசாகப் பூஞ்சை. வறுத்துப் பயன்படுத்தலாமா?
– ஊட்டி வாசகி

கொட்டிவிடுங்கள். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது. வீட்டு வாணலிச் சூட்டில் அது முழுதாக அழிவதில்லை. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். கொதிக்கும் பாத்திரத்தின் மேலே புட்டியைக் கவிழ்த்துத் தட்டாதீர்கள், ஆவி ஏறிவிடும். காய்ந்த கரண்டியால் எடுங்கள்.