சிறு சுருட்டும் பெரிய சுருட்டும்

கேள்வி: சிகரெட் அளவிலேயே வரும் சிறு சுருட்டு, பெரிய சுருட்டின் சுருங்கிய வடிவந்தானா? அளவு குறைவு என்பதால் தீங்கும் குறைவு எனக் கொள்ளலாமா?

பதில்: வடிவத்தில் ஒற்றுமை இருந்தாலும் தயாரிப்பில் இரண்டும் வேறு. கையால் சுற்றப்படும் பெரிய சுருட்டில், நடுவில் நீண்ட இலைகளும், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கட்டு இலையும், வெளியே நரம்பு தெரியாத மெல்லிய மேல் இலையும் இருக்கும். சிறு சுருட்டிலோ பெரும்பாலும் நறுக்கிய புகையிலையை இயந்திரம் நிரப்புகிறது. மேலுறையும் முழு இலையாக இராமல், புகையிலைத் தூளைக் கூழாக்கித் தாள்போல் செய்ததாகவே பலவற்றில் இருக்கும். நுனியில் ஃபில்டரும் பொருத்திவிட்டால், பழுப்பு நிறச் சட்டை போட்ட சிகரெட் என்றே அதைச் சொல்லத் தோன்றுகிறது.

சிறு சுருட்டில் ஏறக்குறைய 1 கிராம் புகையிலை இருக்கும். பெரியதில் 5 முதல் 17 கிராம் வரை இருக்கலாம் என்பதால், அது எரிந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும்.

தீங்கை இந்த எடையை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது. பெரிய சுருட்டின் காரத்தன்மையுள்ள புகையிலிருந்து நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடுகிறது; ஆகவே புகையை உள்ளிழுக்காதவருக்கும் வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு. சிறு சுருட்டைப் பலர் சிகரெட்டைப் போலவே நெஞ்சுவரை இழுக்கிறார்கள். அடுத்தடுத்துப் பற்றவைக்கவும் செய்கிறார்கள். அப்போது நுரையீரலுக்கும் இதயத்துக்கும் நேரும் கேடு சிகரெட்டால் வருவதற்குக் குறைந்ததன்று.