மரபணுத்தொகுதி சுருங்கிய பாக்டீரியா எதைத் தின்கிறது? கேள்வி-பதில்

மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியில் சுமார் 5,80,000 டிஎன்ஏ எழுத்துகள்தானாம். எப்படிப் பிழைக்கிறது?

சமைப்பதை நிறுத்திவிட்டு வாங்கித் தின்கிறது, அவ்வளவுதான். அதன் மரபணுத்தொகுதி, குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவினுடையதில் எட்டில் ஒரு பங்கு. அமினோ அமிலம் தயாரிக்கும் ஜீன்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. நம் செல்லில் ஒட்டிக்கொண்டு, சுற்றிக் கிடக்கும் டிஎன்ஏ, ஆர்என்ஏவை நொதிகளால் நறுக்கித் துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. செல்சுவர் இல்லாததால் சவ்வுக்கு உறுதி தரக் கொலஸ்ட்ரால் வேண்டும், அதுவும் நம்மிடமிருந்துதான். ஆய்வகத்தில் வளர்க்க ஊடகத்தில் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) சேர்ப்பது இதற்காகத்தான்.

அப்படியானால் பெனிசிலின் பலிக்காதது ஜீன் குறைவாலா?

நேரடியாக இல்லை. பெனிசிலின் தாக்குவது செல்சுவர்க் கட்டுமானத்தை. இதற்குச் சுவரே கிடையாது.

செல்லுக்குள் வாழும் ரிக்கெட்சியா என்ற பாக்டீரியா, நம் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைத் திருடுகிறது என்கிறார்களே?

திருட்டு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, அது பண்டமாற்று. அதன் சவ்விலுள்ள ஒரு கடத்திப் புரதம், ஒரு ஏடிபியை உள்ளே எடுக்கும்போது, ஏடிபி செலவானபின் மிஞ்சும் காலிக்கூடான ஒரு 'டை-பாஸ்பேட்'டை (ADP) வெளியே தள்ளுகிறது. லாபம் ஒரு பாஸ்பேட் பிணைப்பின் ஆற்றல் மட்டுமே. குளுக்கோஸை உடைக்கும் ஜீன்களை இழந்தாலும் உணவிலிருந்து ஆற்றல் பிரிக்கும் வேதிச் சுற்றான கிரெப்ஸ் சுழற்சியை வைத்திருப்பதால், ரிக்கெட்சியா குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்திலிருந்து சொந்தமாகவும் ஆற்றல் எடுக்கும். செல்லுக்குள் வாழும் இன்னொரு பாக்டீரியாவான கிளமிடியாவிடமும் இதே வகைக் கடத்தி உண்டு. அதை முழு ஆற்றல் ஒட்டுண்ணி என்றே நினைத்திருந்தார்கள்; 1998இல் மரபணுத்தொகுதி வெளியானபோது, ஏடிபி தயாரிக்கும் ஜீன்களும் அதில் இருந்தன.

உணவை நம் உடல் நிறுத்திவிட முடியாதா?

முயல்கிறது. இன்டர்ஃபெரான் காமா என்ற நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதம் வந்ததும் மனித செல் தன்னிடமுள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்துவிடும். கிளமிடியா பட்டினியாகிறது, ஆனால் சாக வேண்டும் என்பதில்லை. பிரிவதை நிறுத்தி, உடல் பருத்து, காத்திருக்கும். பிறப்புறுப்பைத் தொற்றும் ரகங்கள் இன்னும் கெட்டி: பக்கத்து பாக்டீரியாக்கள் விடும் இண்டோல் என்ற மூலப்பொருளைக் கொண்டு டிரிப்டோஃபானைத் தாங்களே செய்துகொள்ளும். கண்ணில் டிரக்கோமா என்ற தொற்றுநோயை உண்டாக்கும் ரகங்களுக்கு அந்தத் திறமை போய்விட்டது.

எல்லாமே ஒட்டுண்ணிகள்தானா?

இல்லை. அசுவினிப் பூச்சிக்குள் வாழும் புக்னெரா என்ற பாக்டீரியா, பூச்சி தரும் குளூட்டமின் போன்றவற்றை வாங்கி, தாவரச் சாற்றில் போதாத அமினோ அமிலங்களாகத் திருப்பித் தருகிறது.

இடம் கொடுக்கும் ஓம்புயிர் விலங்காகத்தான் இருக்க வேண்டுமா?

வேண்டாம். நம் வாயிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட டிஎம்7எக்ஸ் என்ற பாக்டீரியா, 7 லட்சம் எழுத்துகளோடு இன்னொரு பாக்டீரியாவின் முதுகில் ஒட்டியே வாழ்கிறது.