சீ டிராகன் ராக்கெட்டை ஏன் கட்டவில்லை? கப்பல் தகட்டில் ராக்கெட் செய்வது நடக்கிற காரியமா?

தெரியாதவர்களுக்கு: கப்பல் பட்டறையில் கட்டி, கடலில் மிதக்கவிட்டு அங்கிருந்தே ஏவலாம் என்று 1962இல் அமெரிக்காவில் வரைந்த ராட்சத ராக்கெட் இது, காகிதத்தோடு நின்றுவிட்டது. முதல் கேள்விக்குப் பதில் சின்னது. 550 டன்னை ஒரே தடவையில் விண்வெளிக்கு அனுப்ப வேண்டிய தேவை அன்று யாருக்கும் இல்லை. நிலவுக்குப் போக நாசாவின் சாட்டர்ன் 5 ராக்கெட்டே போதும் என்றாகிவிட்டது, வியட்நாம் போர் வந்து நாசாவின் பணமும் சுருங்கியது, அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கும் மாணவராக இருப்பீர்கள், உங்கள் மேல் கோபமில்லை. நான் சிங்கப்பூரில் ஒரு ஷிப்யார்டில் வெல்டிங் சூப்பர்வைசராக இருந்தவன். அங்கே சாப்பாட்டு நேரத்தில் புதிதாக வந்த டிசைன் இன்ஜினியர் ஒருவர் இதே ராக்கெட்டின் படத்தைக் காட்டி, "இங்க இருக்கிற வெல்டருங்க கட்டினா கிளம்புமா?" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவரிடம் சொன்னதையே சொல்கிறேன். 1962இல் ஏரோஜெட் நிறுவனத்தில் இதை வடிவமைத்த ராபர்ட் ட்ரூயாக்ஸ் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர், விவரம் தெரியாமல் கப்பல் பட்டறையைத் தேர்ந்தெடுக்கவில்லை. எரிபொருளைத் தள்ள பம்பு வேண்டாம், டேங்குக்குள் இருக்கும் வாயு அழுத்தமே தள்ளட்டும் என்று முடிவு செய்தார். அப்படியானால் டேங்க் தடிமனாக இருக்கணும், தடிமன் என்றால் ஸ்டீல், 23 மீட்டர் விட்டத்துக்கு ஸ்டீலை வளைத்து ஒட்டுகிற ஆட்கள் ஷிப்யார்டில்தான் இருக்கிறார்கள். எடை கூடினாலும் விலை குறையும் என்பது அவர் கணக்கு. கட்டியதைக் கடலில் இழுத்துப் போய், அடியில் கட்டிய தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் 150 மீட்டர் ராக்கெட்டும் தானாக நிமிர்ந்துவிடும், ஏவுதளமும் வேண்டாம். கடலடி அழுத்தத்தைத் தாங்குகிற நீர்மூழ்கிக் கப்பலையே எங்களைப் போன்றவர்கள்தானே ஒட்டுகிறார்கள்?

உடனே கமெண்டில் எஞ்சினைப் பற்றிச் சொல்ல வருவீர்கள், தெரியும். முதல் கட்டத்துக்கு, அதாவது ராக்கெட்டை முதலில் கிளப்புகிற அடிப்பகுதிக்கு, ஒரே ஒரு ராட்சத எஞ்சின், உந்துவிசை சாட்டர்னின் எஃப்-1 எஞ்சினைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். அந்த எஃப்-1லேயே எரிப்பு சீராக இல்லாமல் சோதனையில் எஞ்சின்கள் சிதறின, சரிசெய்யப் பெரும்பாடு பட்டார்கள். ஆக, எஞ்சின் கிளம்பியிருக்குமா என்று கேளுங்கள், நானும் சந்தேகப்படுகிறேன். தகட்டையும் வெல்டரையும் ஏன் இழுக்கிறீர்கள்?

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்திலும் வெல்டரின் நம்பரைக் குத்தி வைப்போம், எக்ஸ்ரேயில் ஓட்டை தெரிந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரியணுமே. கப்பலை ஒப்படைக்கிற அன்று மேடை, பூ, போட்டோ எல்லாம் இருக்கும். அந்த நம்பர்காரர்களுக்கு மட்டும் அன்றைக்கு வேறு யார்டில் ஓவர்டைம்.