அவதாரமா, விண்ணப்பதாரரா?

போன இதழில் 'மாரோவிண்ட்' பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: 2002-இல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட கணினி விளையாட்டு, 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் மூன்றாவது. வார்டன்ஃபெல் என்ற எரிமலைத் தீவில், பேரரசர் அனுப்பிவைத்த கைதியாக வந்து இறங்குகிறீர்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பு செத்துப்போன நெரெவார் என்ற படைத்தலைவர் திரும்பப் பிறந்து வருவார் என்று அங்கே ஒரு வாக்கு உண்டு. அந்த மறுபிறவிக்கு நெரெவரைன் என்று பெயர். இனி உங்கள் கேள்விகள்.

கே: நெரெவரைன் நிஜமாகவே மறுபிறவியா, பேரரசர் ஜோடித்த ஆளா? ஹாஸ்டலில் தினமும் இதே சண்டை. (கல்லூரி மாணவர், விழுப்புரம்)

ப: முப்பத்தோரு வருஷம் ஒரு தாலுகா ஆபீஸில் சான்றிதழ் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். ஆகவே என் பதில் கொஞ்சம் அந்தப் பக்கமாகத்தான் சாயும்.

விளையாட்டின் முதல் பத்து நிமிஷத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். கப்பலின் அடித்தட்டில் ஜியூப் என்ற சக கைதி எழுப்பிப் பெயர் கேட்கிறான். கரை இறங்கினால் செய்டா நீன் என்கிற சதுப்புநிலத்துச் சிற்றூர். அங்கே குடிக்கணக்கும் தீர்வையும் பார்க்கிற ஓர் அரசு அலுவலகம். உள்ளே வயதான குமாஸ்தா ஒருவர் உங்கள் தொழிலையும் பிறந்த ராசியையும் கேட்டு எழுதிக்கொள்கிறார். ராசிகள் மொத்தம் 13. நீங்கள் சொன்னதுதான் கணக்கு; ஆதாரம் கேட்பார் இல்லை.

இப்போது வாக்கின் முதல் நிபந்தனைக்கு வாருங்கள்: குறித்த நாளில், இன்னாரென்று தெரியாத பெற்றோருக்குப் பிறந்தவர். பதின்மூன்றில் எந்த ராசியைச் சொன்னாலும் அந்தக் 'குறித்த நாள்' உங்களுக்குப் பொருந்திவிடுகிறது! பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தோதாக ஜூன் மாதத்திலேயே பிறந்த பிள்ளைகள் எங்கள் பதிவேடுகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குமாஸ்தாவைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தது, அந்த அலுவலகத்தில் உங்கள் கையில் கொடுத்துவிடும் பொட்டலம். பால்மோரா ஊரில் காயஸ் கொசேடிஸ் என்பவரிடம் அதைச் சேர்க்க வேண்டும். போய்ப் பார்த்தால் சட்டைகூடப் போடாத ஒரு கிழவர், போதைப் பழக்கம் உள்ளவர் மாதிரி. ஆள் பேரரசரின் ஒற்றர் தலைவர். பொட்டலத்துக்குள் இருப்பது சங்கேதத்தில் எழுதிய கடிதம். பின்னால் ஒரு கட்டத்தில் அதைப் பிரித்து எழுதி உங்களிடமே தருகிறார். பேரரசரின் அந்தரங்கச் செயலர் எழுதியது. இதெல்லாம் உள்ளூர் மூடநம்பிக்கைதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, இந்த ஆள் இயன்றவரை வாக்கின் நிபந்தனைகளை நிறைவேற்றி நெரெவரைன் ஆக வேண்டும் என்பது பேரரசரின் விருப்பம் என்கிறது கடிதம். 'இயன்றவரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். கடவுளின் குரல் இல்லை அது, சுற்றறிக்கையின் குரல்.

சரி, ஜோடித்த ஆள்தானே என்று உங்கள் நண்பர் குதிக்கலாம். அவசரப்பட வேண்டாம். அசூரா என்றொரு தேவதை, அந்திக்கும் விடியலுக்கும் உரியவள். அவளுடைய குகையின் கதவு காலை ஆறிலிருந்து எட்டு, மாலை ஆறிலிருந்து எட்டு, இந்த வேளைகளில் மட்டுமே திறக்கும். இது தெரியாமல் நட்ட நடுப்பகலில் கதவைத் தட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். பக்கத்தில் சாம்பல் புயல் வேறு. உள்ளே போனால் அசூராவின் சிலை, அவள் கையில் பிறையும் நட்சத்திரமும் பொறித்த மோதிரம். நெரெவாரைத் தவிர வேறு யார் அணிந்தாலும் சாவு என்று ஐதிகம். அணிகிறீர்கள்; சாகவில்லை. அதோடு முடியவில்லை. உங்களுக்கு முன் 'நான்தான் நெரெவரைன்' என்று கிளம்பித் தோற்றவர்களின் ஆவிகள் அதே குகையில் எழுந்து வருகின்றன. ஒவ்வொருவரும் தான் எப்படித் தோற்றேன் என்று சொல்லி, கையில் ஒரு பொருளையும் கொடுத்து அனுப்புகிறார்கள். எந்த விளையாட்டிலும் எனக்கு இவ்வளவு நெஞ்சு கனத்த இடம் வேறு இல்லை.

உர்ஷிலாக்கு இனக்குழுவின் ஞானக்கிழவி நிபானி மாய்சா முன்னமே இதைச் சொல்லிவிடுகிறாள்: நீ நெரெவரைன் இல்லை, நெரெவரைன் ஆகக்கூடியவர்களில் ஒருவன். பதவி ஒன்று காலியாகக் கிடந்தது, பலர் விண்ணப்பித்தார்கள், ஒருவர் தேறினார். ஹாஸ்டலில் இதைப் படித்துக் காட்டுங்கள், சண்டை இன்னும் பெரிதாகும்.

கே: வாக்கு சொல்லும் ஏழு சோதனைகளில் எது கஷ்டம்? (வாசகர், காரைக்குடி)

ப: நாலாவதும் ஐந்தாவதும். மூன்று பெருங்குடிகள் உங்களைப் போர்த்தலைவர் என்று ஏற்க வேண்டும். சாம்பல் நிலத்து நாடோடிகளின் நான்கு குழுக்கள் உங்களை நெரெவரைன் என்று ஏற்க வேண்டும். ஆக ஏழு இடத்தில் கையெழுத்து.

ஹ்லாலு குடியின் உறுப்பினர் ஒருவர் கூச்சமே இல்லாமல் ஆயிரம் பொற்காசு கேட்கிறார். டெல்வானி குடியின் தலைவர் கோத்ரன் லஞ்சம் கேட்பதில்லை. 'யோசித்துச் சொல்கிறேன்' என்று ஃபைலை அடியில் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். எத்தனை தடவை போனாலும் அதே பதில். கடைசியில் அவரைக் கொன்றால்தான் வேலை நடக்கும். இத்தனை வருஷ சர்வீஸில் என் மனசில் எழாத எண்ணம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஸைனாப் குழுவின் தலைவர் கௌஷாத் கேட்பது வேறு: பெரிய இடத்து டெல்வானிப் பெண் ஒருத்தியை மணமுடித்து வைக்க வேண்டும். அப்படி ஒருத்தி கிடைப்பாளா? அடிமைச் சந்தையில் ஒரு பெண்ணை விலைக்கு வாங்கி, உயர்ந்த உடை உடுத்தி, அத்தர் பூசி, பெரிய இடத்துப் பெண் என்று சொல்லி ஒப்படைக்கிறீர்கள். போலிச் சான்றிதழ். அவரும் ஏற்றுக்கொள்கிறார். தேர்ந்தெடுக்கப்பட்ட வீரன் செய்கிற காரியமா இது? எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. உறுத்த வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கே: நெரெவாரைக் கொன்றது யார்? (பெயர் வெளியிட விரும்பாதவர், நாகர்கோவில்)

ப: பெயர் வெளியிடாததும் நல்லதுதான், அந்தத் தீவில் இந்தக் கேள்வியைக் கேட்டால் கோயில் காவலர்கள் பிடித்துப்போவார்கள்.

சிவப்பு மலைப் போரில் பட்ட காயத்தால் இறந்தார் என்பது கோயிலின் கதை. நாடோடிகள் சொல்வது வேறு. மலைக்கு அடியில் செத்த தெய்வம் ஒன்றின் இதயம் இருந்தது. அதன் சக்தியைத் தொடுவதில்லை என்று நெரெவார் தன் ஆலோசகர்கள் மூவரிடம் சத்தியம் வாங்கினார். அவர்களே அவரைக் கொன்றுவிட்டு அந்த இதயத்தால், கோயில் கும்பிடுகிற தெய்வங்கள் ஆனார்கள் என்கிறார்கள். மூவர்: சோத்தா சில், விவெக், ஆல்மலெக்சியா. கடைசியில் சொன்னவள் நெரெவாரின் மனைவி. இதைச் சொல்லிப் பரப்பியவர் நெரெவாரின் கேடயத் தோழர் அலாந்ரோ சுல். அந்தத் துரோகத்துக்காகத்தான் அசூரா சாபமிட்டு, பொன்னிற மேனி மக்களைச் சாம்பல் நிறமும் சிவந்த கண்ணுமாக மாற்றினாள் என்பதும் அவர்கள் கதை.

விவெக்கை நேரில் கேட்டால் மறுக்கிறார். ஆனால் அவரே எழுதிய 36 உபதேசங்கள் விளையாட்டுக்குள் புத்தகங்களாகக் கிடக்கின்றன. 29-ஆம் உபதேசத்தில் ஓர் எண் பட்டியல். அந்த எண்களின்படி ஒவ்வொரு உபதேசத்திலிருந்தும் ஒரு சொல்லைப் பொறுக்கி வரிசையாக வைத்தால், தான் தெய்வமாகப் பிறக்கவில்லை, தெய்வத்தன்மையைத் திருடித் தலைவனைக் கொன்றேன் என்று ஒப்புதல் வாக்குமூலம் வருகிறது. நம்மூர் சித்திரக்கவிக்காரர்கள் பார்த்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்கள்.

கே: பெண் பாத்திரமாக ஆடினால் மறுபிறவி என்ற கதை ஒட்டுமா? (வாசகி, ஈரோடு)

ப: தாராளமாக. குகையில் எழுந்து வரும் ஆவிகளில் பீக்ஸ்டார் ஒரு பெண்தான். பல்லி முகத்தோடு ஆடினாலும் ஒட்டும்.

கே: பத்தாவது படிக்கும் என் மகன் ஏதோ முக்கியமான ஆளைக் கொன்றுவிட்டான். 'வாக்கின் இழை அறுந்தது' என்று ஒரு செய்தி வந்ததாம். அழாத குறை. ஆட்டம் அவ்வளவுதானா? (ஓர் அம்மா, வேலூர்)

ப: அம்மா, பழைய சேவுக்கு (ஆட்டத்தைச் சேமித்து வைத்த இடத்துக்கு)த் திரும்பு, இல்லையென்றால் நீயே நாசமாக்கிய உலகத்தில் தொடர்ந்து ஆடு என்று அந்தச் செய்தியே இரண்டு வழி சொல்லியிருக்குமே. பையனை இரண்டாவது வழியில் போகச் சொல்லுங்கள்.

விவெக்கைக் கொன்று அவரிடமிருக்கும் ரெய்த்கார்ட் என்ற கையுறையை எடுக்க வேண்டும். டெல் ஃபிர் கோபுரத்துக்கு அடியில் நோயாளிகளின் நிலவறை இருக்கிறது. அங்கே உடல் வீங்கி, சிலந்திக்கால் இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவர் யாக்ரும் பகார்ன். காணாமல் போன குள்ளர் இனத்தில் மிஞ்சிய ஒரே ஆள். கையுறையை அவர் ஒப்பேற்றித் தருவார். முதல்முறை மாட்டும்போது உடல்வலு நிரந்தரமாகக் குறைந்துவிடும், உயிர் தாங்கும் அளவுக்கு முன்னதாகவே வளர்ந்திருக்க வேண்டும். பிறகு சுத்தியலும் குத்துவாளும் தேடிக்கொண்டு நேரே மலைக்கு. வாக்கு, சோதனை, ஏழு கையெழுத்து எதுவும் இல்லாமல், மலைக்குள் இருக்கும் வில்லனான அரக்கனை முடித்துவிடலாம். முதல் கேள்வி கேட்ட விழுப்புரத்துத் தம்பியும் இதைப் படிக்கவும்.

கே: நான் இதே வரிசையில் பின்னால் வந்த 'ஸ்கைரிம்' மட்டும் ஆடியிருக்கிறேன். அதன் நாயகன் டிராகன்பார்ன் இந்த நெரெவரைனைவிடப் பெரியவர் இல்லையா? (வாசகர், ஓசூர்)

ப: பலத்தில் பெரியவராக இருக்கலாம். ஆனால் அவர் கதையில் வழக்கே இல்லை. ஒயிட்ரன் கோட்டைக்கு வெளியே முதல் டிராகன் விழுகிறது. அதன் ஆன்மா எல்லோர் கண்ணெதிரே உங்களுக்குள் பாய்கிறது. மலையுச்சித் துறவிகள் இடிபோல் கூப்பிடுகிறார்கள். சந்தேகப்பட யாருக்கும் இடமில்லை. எனக்குச் சந்தேகம் இருந்தால்தான் சுவை. இரண்டுக்கும் நடுவில் 2006-இல் வந்த 'ஆப்லிவியன்' இன்னும் குறும்பு: அதில் அரச ரத்தம் மார்ட்டின் என்ற வேறொருவருக்கு, உங்களுக்கு எடுபிடி வேலை.

கே: கடைசியில் நெரெவரைன் என்ன ஆனார்? (வாசகர், திருவாரூர்)

ப: அகாவிர் என்ற தூரதேசத்துக்குக் கப்பலேறிப் போனார், அப்புறம் தகவல் இல்லை. 'ஆப்லிவியன்' ஆட்டத்தில் தெருவில் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கார்ப்ரஸ் நோய்க்கு வைத்தியம் செய்தபோது மூப்பும் அவரை விட்டுப் போனதால் எங்காவது உயிரோடு இருக்கலாம். தீவுதான் பிழைக்கவில்லை. விவெக் தன் சக்தியால் நகரத்துக்கு மேலே அந்தரத்தில் நிறுத்தி வைத்திருந்த பாறை பின்னாளில் விழுந்தது. சிவப்பு மலையும் வெடித்தது.

கே: டாகோத் ஊரிடம் நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? (பழைய வாசகர், மதுரை)

ப: மற்றவர்களுக்காக: இது ஊர் பெயர் அல்ல, வில்லனின் பெயர். ஆனால் அவர் குடியிருக்கும் கோட்டைக்கும் அதே பெயர் என்பதால் ஊர் என்று எடுத்துக்கொண்டாலும் பாதகமில்லை. சண்டைக்கு முன் மரியாதையாக ஒரு கேள்வி கேட்பார்: நீ உண்மையில் நெரெவாரின் மறுபிறவியா? 'ஆமாம், விதிப்படி', 'இல்லை, என் முயற்சியால் வந்தவன்', 'தெரியாது', இந்த ரீதியில் பதில்கள் வரும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது 2008-இல். நெடுநேரம் யோசித்து, நேர்மையாக 'தெரியாது' என்று அழுத்தினேன். கரண்ட் போய்விட்டது. கடைசி சேவ் மலையடிவாரத்தில். மறுநாள் அதே சாம்பல் புயலில், அதே அரக்கர்களை வெட்டிக்கொண்டு மேலே ஏறிப்போனேன். அவரும் அதே மரியாதையோடு அதே கேள்வியைக் கேட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த மின்வெட்டுக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. 'ஆமாம், நான்தான்' என்று அழுத்திவிட்டேன்.