தவறினால் தவறா?

கேள்வி: நான்கு வருடமாகத் தினமும் இரண்டு மணி நேரம் ஓடுகிறேன். காய்ச்சல் என்றாலும் விடமாட்டேன். ஒரு நாள் தவறினாலும் அன்று முழுக்க எரிச்சல், குற்ற உணர்வு. மனைவி குறை சொல்கிறாள். நல்ல பழக்கம்தானே இது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: ‘தவறினாலும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. கை தவறி டம்ளர் விழுந்தால் யாரும் தண்டிப்பதில்லை. ஆனால் ‘தவறாமல் செய்’ என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, செய்யாமல் விட்டதெல்லாம் நமக்குக் குற்றமாகிவிட்டது. ‘தினமும் தவறாமல்’ என்று வரும் உடல்நலக் கட்டுரைகளில் அந்த இரண்டாவது சொல்லை நான் அடிப்பதும், எழுதியவர்கள் கோபித்துக்கொள்வதும் பல வருடச் சண்டை. இனி இன்னும் பிடிவாதமாக அடிப்பேன்.

ஃபிரடெரிக் பேக்லண்ட் என்ற ஆய்வாளர், ஒரு மாதம் உடற்பயிற்சியை நிறுத்தினால் தூக்கம் என்ன ஆகிறது என்று பார்க்க ஆள் தேடினார். ஆய்வு வெளியானது 1970-ல். வாரத்தில் ஐந்தாறு நாள் பயிற்சி செய்கிறவர்கள், பணம் தருகிறேன் என்றாலும் மாட்டோம் என்றுவிட்டார்கள். கடைசியில் மூன்று நான்கு நாள் செய்கிறவர்களை வைத்துத்தான் முடித்தார். ஆய்வின் முடிவைவிட அந்த மறுப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போட்டிக்குத் தயாராகிறவர்கள் உங்களைவிட அதிகம் ஓடுவார்கள். கால் வலித்தால் நிறுத்தியும்விடுவார்கள். உங்களால் நிறுத்த முடிகிறதா?

எண்கள் மீதும் எனக்குப் பழைய கோபம் உண்டு. தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்ற கணக்கு, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. ‘மான்போ கே’ என்றால் பத்தாயிரம் அடி மீட்டர். எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்த அளவில்லை அது. அந்த எண்ணை நிரப்ப, தூங்கப் போகும் நேரத்தில் அறைக்குள்ளேயே சுற்றுகிறவர்களை எனக்குத் தெரியும்.

சரி, உங்கள் உடம்புக்கு வருவோம். ஓடும்போது களைத்த தசை, ஓய்வில்தான் தன்னைச் சரிசெய்துகொண்டு வலுவாகிறது. ஓய்வே கொடுக்காவிட்டால் எலும்பில் மயிரிழை போல விரிசல் விழும், தூக்கம் கெடும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதும் உண்டு. காய்ச்சலோடு ஓடுவதை இன்றே விடுங்கள். வைரஸ் காய்ச்சலில் சில சமயம் இதயத் தசையிலும் அழற்சி வந்திருக்கும். அப்போது ஓடுவது உயிருக்கே ஆபத்து. ‘தவறிவிட்டார்’ என்பதற்கு நம் ஊர்ப் பேச்சில் இன்னொரு பொருளும் இருக்கிறது.

மனைவி குறை சொல்வதாக எழுதினீர்களே தவிர, என்ன சொல்கிறார் என்று எழுதவில்லை. இந்த வாரம் ஒரு நாள் ஓடாமல் உட்கார்ந்து அதைக் கேளுங்கள். அந்த ஒரு நாள்கூட ஓடாமல் இருக்க முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம், எனக்கு எழுதிய இதே நான்கு வரியை அவரிடம் காட்டினால் போதும்.