12 பவுன் வங்கியில் கிடக்கும்போது 64 வைரக்கல் எதற்கு?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். கணவர் கத்தாரில். அவர் அனுப்புவதில் வீட்டுச்செலவு போக மாதம் 18,000 ரூபாய் மிஞ்சும். மொத்தம் 22 பவுன். அதில் 12 பவுன் வங்கியில் அடகு. மூன்று வருடமாகத் திருப்பி வைத்துக் கொஞ்சம் கொஞ்சம் கூடுதல் எடுத்ததில் 2,10,000 கடன் 3,40,000 ஆகி, இப்போது 4,80,000. வட்டி 9%. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், இன்னும் ஒன்பது மாதம். நகைக்கடையில் வேலை பார்க்கும் கொழுந்தன், மீதிப் பவுனையும் வைத்து வைர நெக்லஸ் செட் எடுக்கச் சொல்கிறார். 1.60 கேரட், 64 கல், எஃப்-ஜி கலர், வி.வி.எஸ். "கட்டிங் நல்லதாக இருந்தால் விலை ஏறிக்கொண்டே போகும், தங்கத்தைவிட மதிப்பு" என்கிறார். எஸ்டிமேட் 3,29,600. எடுக்கலாமா?

பதில்: சகோதரி, எஃப்-ஜி என்ற கலர், வி.வி.எஸ். என்ற கிளாரிட்டி (கல்லுக்குள் குறை எவ்வளவு குறைவு என்ற தரம்) எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பாடம் வேண்டாம். "64 கல்" என்ற இடத்தில் மட்டும் நில்லுங்கள். வைர எடையில் ஒரு கேரட் என்பது நூறு சென்ட். 160 சென்டை 64-ஆல் வகுத்தால் ஒரு கல் இரண்டரை சென்ட். குறுக்களவு 2 மில்லிமீட்டர்கூட வராது. வைரத்தில் கல் பெரிதாகப் பெரிதாக, ஒரு கேரட்டுக்கான விலையே ஏறும். அரை கேரட், ஒரு கேரட் எல்லைகளில் ஒரே தாவாகத் தாவும். பொடிக்கல்லை எல்லாம் கூட்டிச் சொல்லும் 1.60 கேரட்டுக்கு அந்த விலை கிடையாது.

கட்டிங் பற்றிக் கொழுந்தன் சொல்வது பாதி உண்மை. வட்டக் கல்லின் அடிப்பக்கச் சாய்வு 41 டிகிரியை ஒட்டி இருந்தால், மேலே நுழைந்த வெளிச்சம் உள்ளே திரும்பி மேலேயே வரும். ஆழம் கூடினால் வெளிச்சம் அடியில் ஒழுகி நடுப்பகுதி இருண்டுவிடும். தட்டையானால் உள்ளே வெள்ளை வளையம் தெரியும். தெரிந்தே ஏன் ஆழமாகப் பட்டை தீட்டுகிறார்கள்? எடைதான் காரணம். வட்டக் கல் தீட்டும்போது மூலக்கல்லின் எடையில் பாதிபோல் போய்விடும். 83 சென்டில் அழகாக நிற்க வேண்டிய கல்லுக்கு அடியில் கொஞ்சம் தொந்தியை விட்டுவைத்தால் ஒரு கேரட் விலை கிடைக்கிறதே! நன்றாக வெட்டிய ஒரு கேரட் கல் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். தொந்தி வைத்தது 6.1 தான், பார்வைக்கு 83 சென்ட் கல். எடைக்குக் காசு கொடுத்தோம், கண்ணுக்கு வரவில்லை.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஒற்றைக்கல்லுக்கு. அதற்குத்தான் எக்ஸலன்ட், வெரி குட் என்று ஆய்வகம் தனிச் சான்றிதழில் கட்டிங்கை எழுதும். பொடிக்கல் செட்டுக்குப் பெரும்பாலும் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே அட்டைதான். போதாததற்கு, இரண்டரை சென்ட் கல்லில் வி.வி.எஸ்.ஸுக்கும் அதற்கு ஒரு படி கீழான வி.எஸ்.ஸுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பழகிய கண்ணே பத்து மடங்கு லென்ஸ் வைத்துத் தேட வேண்டும். கல்யாணப் பந்தலில் யார் லென்ஸோடு வரப்போகிறார்கள்? ஹால்மார்க் இருக்கிறதே என்றால், அது தங்கத்தின் சுத்தத்துக்கு. கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இனி எஸ்டிமேட். 18 கேரட் தங்கம் 14 கிராம், கிராம் 10,000 வீதம் 1,40,000. வைரம் 1,52,000. செய்கூலி 25,200. சான்றிதழ் 2,800. ஜி.எஸ்.டி. 3% என்று 9,600. கடைசி மூன்றும், 37,600 ரூபாய், பில் போட்ட நிமிடமே போனவை. வேறு கடையில் விற்கப் போனால் தங்கத்துக்கு 1,36,000 போல் தருவார்கள். பொடிக்கல்லுக்குப் பாதி விலை கிடைத்தால் பெரிய விஷயம். 76,000 என்று வையுங்கள். மொத்தம் 2,12,000. சுமார் 1,17,000 நஷ்டம். "எங்கள் கடையே 90% கொடுத்து எடுத்துக்கொள்ளும்" என்பார். அது ரொக்கமா, மாற்று நகையா, எந்த விலையில் 90% என்பது பில்லின் பின்பக்கப் பொடி எழுத்தில் இருக்கும். வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நம் மாவட்டத்தில் நகை என்றால் அவசரத்துக்கு வங்கியில் வைக்கும் பொருள். அங்கே வைரம் செல்லாக்காசு. ரிசர்வ் வங்கி விதிப்படி, கல்லைக் கழித்துத் தங்கத்தின் மதிப்புக்கு மட்டுமே கடன். முக்கால் பங்கு என்று பார்த்தால், 3,29,600 ரூபாய் செட்டுக்கு 1,05,000 கிடைக்கும்.

ஆய்வகத்தில் செய்த வைரமும் மிகக் குறைந்த விலைக்குக் காட்டுவார்கள். வைரம்தான், பொய்யில்லை, கடையின் கைக்கருவி வெப்பம் கடத்துவதைப் பார்ப்பதால் இரண்டையும் ஒன்றுபோலத்தான் காட்டும். அதன் விலை சில வருடங்களில் சரிந்த வேகத்தைப் பார்த்தால், கவரிங் போல அணிந்து ஆசை தீர்க்க மட்டும் வாங்கலாம். முதலீடு என்ற சொல்லை அதன் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம்.

உங்களைக் கெடுப்பது வைரம்கூட இல்லை. தங்கம் விலை கூடும்போதெல்லாம் அதே நகையைத் திருப்பி வைத்துக் கூடுதல் எடுக்கும் பழக்கம். மூன்று வருடக் கடனுக்கு வருடா வருடம் 18,900, 30,600, 43,200 என்று வட்டியே 92,700 ஆகிறது. ஒரு கிராம்கூட வீடு திரும்பவில்லை. இதன்மேல் 3,30,000 ஏறினால் கடன் 8,10,000. மாத வட்டி மட்டும் 6,000-க்கு மேல்.

செய்ய வேண்டியது இது. கையில் இருக்கும் 10 பவுனில் உடைந்தது, போடாதது பார்த்து 4 பவுனை விற்றுவிடுங்கள். எஸ்டிமேட்டில் உள்ள 18 கேரட் விலையை 22 கேரட் நகைக்கு மாற்றிப் பார்த்தால், பழைய நகைக் கழிவு போக, கிராம் 11,800 வீதம் 32 கிராமுக்கு 3,77,600. அப்படியே கடனில் கட்டினால் மிச்சம் 1,02,400. மாதம் 18,000 போட்டால் ஆறேழு மாதத்தில் தீரும். கல்யாணத்துக்கு முன்னால் 12 பவுனும் வீட்டில்; கையில் 18 பவுன், கடன் இல்லை. விற்பது மனசுக்குக் கஷ்டம்தான். விற்காமல் 18,000 மட்டும் கட்டினால் 30 மாதம் ஆகும். அதற்குள் ஆவணி இரண்டு முறை போய்விடும். விற்ற லாபத்துக்கு வரி வருமா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய தொகை கட்டும் அன்றே, 12 பவுனும் ஒரே ரசீதில் இருந்தால் அதைத் தனித்தனிக் கடனாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக மீட்கலாம், மீட்டதைத் திருப்பி வைக்கவும் கை நீளாது.

கொழுந்தனிடம் முகத்தை முறிக்க வேண்டாம். மகளுக்கு வைரம் ஆசை என்றால் ஐந்து, பத்து சென்டில் ஒற்றைக்கல் மோதிரமோ மூக்குத்தியோ, வி.எஸ். தரத்தில், மிச்சப் பணத்தில் அவர் கடையிலேயே எடுங்கள். கடை விளக்கின் கீழ் எந்தக் கல்லும் மின்னும். வாசலுக்குக் கொண்டுவந்து நிழலில் பாருங்கள். நடுவில் இருண்டு கிடந்தால் வேறு கல் காட்டச் சொல்லுங்கள்.