எடிட்டர் கூட்டாசிரியர் ஆக முடியுமா?

கேள்வி: என் முதல் நாவலை ஃப்ரீலான்ஸ் எடிட்டர் ஒருவரிடம் கொடுத்தேன். பாதித் தொகை முன்பணமாகக் கொடுத்தாயிற்று. பேச்சு எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். பிழை திருத்தச் சொன்னால், இரண்டு அத்தியாயங்களைப் புதிதாகவே எழுதி, முடிவையும் மாற்றிவிட்டார். என் நடையே போய்விட்டது. மன உளைச்சலில் மீதித் தொகையைத் தரவில்லை. இப்போது ஒரு பதிப்பகம் நாவலை ஏற்றிருக்கிறது. 'நானும் இதன் ஆசிரியர்தான், பதிப்பகத்துக்கு நோட்டீஸ் அனுப்புவேன்' என்கிறார். மோசடி வழக்குப் போடலாமா?

பதில்: மோசடி வழக்கு நிற்காது. வேலை பிடிக்கவில்லை என்பது மோசடி ஆகாது. நடை போனது, உளைச்சல் இதையெல்லாம் ஒதுக்கிவையுங்கள். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் முக்கியம்: பதிப்பகத்துக்குப் போனது உங்கள் மூலப் பிரதியா, அவர் மாற்றிக் கொடுத்த கோப்பா?

மூலப் பிரதி என்றால் மிச்சம் வெறும் பாக்கித் தகராறு. அவர் கோப்பு என்றால் (அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்) விஷயம் வேறு. பிழை திருத்தியதால் யாருக்கும் பதிப்புரிமை வராது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம், எழுத்துப்பிழை திருத்துவது போன்ற வேலைக்கு உரிமை இல்லை என்றது. அதே தீர்ப்பு, தன் அறிவையும் முடிவெடுக்கும் திறனையும் செலுத்தி, நீதிமன்றத் தீர்ப்புகளைப் பத்தி பிரித்த வேலைக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. பத்தி பிரித்ததற்கே அப்படி என்றால், புதிதாக எழுதிய அத்தியாயங்களுக்கு?

'காசு கொடுத்தேன், எனக்குத்தான் சொந்தம்' என்பீர்கள். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் எழுதியதுதான் முதலாளிக்குப் போகும். ஃப்ரீலான்ஸருக்கு அது பொருந்தாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமை கைமாற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். பயன்படுத்த அனுமதித்தார் என்று வாதாடலாம்தான். பாக்கி வைத்திருப்பவர் அதைச் சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

எழுத்தாளர்கள் மாட்டிக்கொள்வது அடுத்த கட்டத்தில். பதிப்பக ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கும்: 'இப்படைப்பு முழுக்க என்னுடையது, வேறு யாருக்கும் உரிமை இல்லை, கோரிக்கை வந்தால் நஷ்டத்தை நான் ஈடு செய்வேன்.' யாரும் படிப்பதில்லை, முதல் புத்தகம் வரும் சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் எடிட்டரின் நோட்டீஸ் போகிறது. அச்சு நிற்கிறது. ராயல்டியை நிறுத்திவைக்கிறார்கள், வக்கீல் செலவையும் எழுத்தாளர் தலையில் கட்டுகிறார்கள். எடிட்டர் வழக்கில் ஜெயிக்கவே வேண்டாம், நோட்டீஸ் ஒன்றே போதும். உங்கள் நிலை இன்னும் மோசம்: தகராறு இருப்பது தெரிந்தே கையெழுத்துப் போடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் 'பிரமாதம், அந்த ரெண்டு அத்தியாயமும் நீங்களே எழுதினதுதானே' என்று எப்போதாவது பாராட்டியிருந்தால் அதுதான் அவருடைய முதல் சாட்சி. அழிக்காதீர்கள், அவரிடமும் பிரதி இருக்கும்.

ஆகவே கசந்தாலும் மீதியைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் வெறும் ரசீது வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், ரசீதில் உரிமை மாறாது. பணம் கொடுக்கும்போதே உரிமை மாற்றப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 'பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்' என்று எழுதுங்கள். ஒரு வருடம் பயன்படுத்தாவிட்டால் மாற்றம் காலாவதியாகும் என்ற விதியும் பொருந்தாது என்று சேருங்கள். அவர் மறுத்தால் மூலப் பிரதிக்கே திரும்பி, அந்த அத்தியாயங்களையும் முடிவையும் நீங்களே எழுதுங்கள்.

புத்தகத்தில் அவர் பெயர் எங்கே, எப்படி வரும் என்பதையும் பத்திரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். 57-ஆம் பிரிவுப்படி, ஆசிரியர் என்று கோரும் உரிமை பதிப்புரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் ஆசிரியரிடமே இருக்கும். அதனால் 'நான் செய்தது எடிட்டிங் மட்டுமே, கூட்டாசிரியர் என்று கோரமாட்டேன்' என்ற வரி பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டும்.